பச்சை தேடிப் போய் வெள்ளையோடு வந்த கதை

"பதினைஞ்சு எஞ்சினுக்கு ஒரு இம்பெலர் தாங்கோ அண்ணை" என்று கேட்டு வருகிறவருக்கு நான் எதையும் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. பதினைந்து என்றால் குதிரைவலு, இம்பெலர் என்றால் தண்ணீர்ப் பம்புக்குள் இருக்கிற சுழலி. ஆனால் எந்தப் பதினைந்து? மேல்மூடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பிக் கொடுத்தால், பின்னேரம் அதே பெட்டியோடு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார். ஒரே குதிரைவலு, ஒரே கம்பனி, ஒரே நிற மூடி. உள்ளே தண்ணீர்ப் பம்ப் வேறு. அதனால் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எஞ்சினில இருக்கிற சின்னத் தகட்டில என்ன எழுத்து?" திருகோணமலையில் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை வைத்து இருபத்தைந்து வருடம். அந்தத் தகட்டு எழுத்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

அப்படிப்பட்ட நான், கார் வாங்கப் போன இடத்தில் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கினேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

இதற்கு மூல காரணம் ஒரு கசங்கிய கடதாசி. 1991 அல்லது 92 ஆக இருக்கும். கடையை அப்பா நடத்திய காலம். கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, எஞ்சினின் வலுவுக்கும் கட்டுப்பாடு; வியாபாரம் ஈ ஓட்டியது. ஜப்பானிலிருந்து கழித்துவிட்ட எஞ்சின்கள் கொழும்பு வழியாக வரும். பெட்டிக்குள் இடைவெளி அடைக்க ஜப்பான் பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அவற்றை விரித்து அடுக்குவது என் வேலை, மீன் சுற்ற உதவும். ஒரு நாள் விரித்த தாளில் ஒரு கார். கரும்பச்சை. கூரை இல்லை. உள்ளே தேன் நிறத் தோல் சீற்று, மரத்தால் செய்த ஸ்டியரிங் வளையம். முன் விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பி நின்றன. எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அந்தத் தாளை மீனுக்குக் கொடுக்கவில்லை. பிறகு நடந்த இடப்பெயர்வு ஒன்றில் அது போய்விட்டது. எவ்வளவோ போன இடத்தில் ஒரு தாளுக்காக யார் அழுவார்கள்? நான் கொஞ்சம் அழுதேன்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது பெரியப்பா சிரித்தார். டொக்யார்ட்டை 1957இல் வெள்ளைக்காரன் கையளிக்கும்வரை, உட்துறைமுக வீதியால் நேவி ஒபிசர்மார் ஹூட் இல்லாத கார்களில் போவதைப் பார்த்தவர் அவர். "மழை வந்தா நனைவாங்கள், வெயில் வந்தா வேகுவாங்கள், அதுக்கு ஒரு கார்" என்பார். சரியான விளக்கம்.

அந்தக் காரின் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று எனக்குத் தெரியவர இணையம் வரவேண்டியிருந்தது. செய்தது மஸ்டா. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். அமெரிக்காவில் அது மியாட்டா, இங்கிலாந்தில் எம்எக்ஸ்-5. ஜப்பானில் மஸ்டா அப்போது யூனோஸ் என்று தனியாக ஒரு விற்பனைக் கிளை வைத்திருந்தபடியால் அங்கே யூனோஸ் ரோட்ஸ்டர். ஒரே காருக்கு மூன்று பெயர். இலங்கைக்கு ஜப்பானில் ஓடிய கார்கள்தான் வந்தன. எங்களைப் போலவே அவர்களும் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். ஆனால் விளம்பரம் போடுகிறவர்கள் மூன்று பெயரையும் கலந்து எழுதுவார்கள். 'மியாட்டா எம்எக்ஸ்-5 யூனோஸ்' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரே ஆளைத் தம்பி, ராசா, அப்பன் என்று கூப்பிடுவது மாதிரி.

இதன் பிறப்பும் எனக்குப் பிடித்த கதை. பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் 1979இல் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய இங்கிலிஸ் கார் மாதிரி மலிவான, பாரமில்லாத, ஹூட் திறக்கிற ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டாராம். பத்து வருடம் கழித்துக் கார் வந்தது. பெரியப்பா பார்த்த நேவிக் கார்களின் மருமகன் என்று வைத்துக்கொள்ளலாம். தலைமைப் பொறியியலாளர் தொஷிஹிக்கோ ஹிராய் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லை முன்வைத்தார்: குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடல். குதிரை என்றால் நூற்றிருபதுதான். இன்றைக்கு ஒரு சாதாரண குடும்பக் கார் அதைவிட வேகமாகப் போகும். ஆனால் நிறை 940 கிலோ அளவுதான். எஞ்சின் முன்னால், இழுப்பது பின் சில்லு.

நாற்பத்தாறு வயதில் ஏன் இப்போது என்று மனுசி கேட்டா. மூத்தவள் பல்கலைக்கழகம் போய்விட்டாள், சின்னவனுக்குச் சைக்கிள் போதும் என்றேன். நியாயமான பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. நான் தேடத் தொடங்கிய 2024இலும் கதவு மூடித்தான் கிடந்தது. திறந்தாலும் முப்பது வருடக் காரைக் கொண்டுவர முடியாது, வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே தீவுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான். ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு மரத்தில் முட்டும், ஒன்றிரண்டு கறள் பிடித்துப் போகும். வாங்கிய விலையை இங்கே எழுத மாட்டேன். மனுசி வாசிப்பா.

முதல் கார் கண்டிப் பக்கம். சிவப்பு, ஓட்டோ கியர். 1990இலிருந்தே ஓட்டோவிலும் செய்தார்கள், குற்றமில்லை. ஆனால் ஜப்பான்காரன் அந்த எஞ்சினைப் பத்துக் குதிரை குறைத்து வைத்தான், கியரும் நாலு. குதிரையில் ஏறிவிட்டுக் கடிவாளத்தை வேறொருவரிடம் கொடுப்பதற்கு நான் ஏன் கண்டி ஏற வேண்டும்? தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

'வந்தோம்' என்றால் நானும் நானாவும். கிண்ணியாக்காரர். எனக்கு எஞ்சின் படிப்பித்தவர்களில் ஒருவர். பாலம் திறக்கிற 2009 வரைக்கும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் டவுனுக்கு வருவார், அப்போதும் கையில் ஒரு ஸ்பனர் பை இருக்கும். கார் விஷயத்தில் நான் அவரை அழைத்துப் போனதற்குக் காரணம், அவருக்கு இந்தக் காரில் எந்த ஆசையும் இல்லை. "ரெண்டு பேருக்கு மேல ஏத்த ஏலாத வாகனத்த வாங்கி என்ன செய்யப் போறீங்க தம்பி? ஒரு பெட்டி மீன் வைக்க இடமில்ல." அப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கார் நீர்கொழும்புக்குக் கிட்ட. பச்சை. தேன் நிற சீற்று. மர ஸ்டியரிங். விளம்பரத்தில் 'வி-ஸ்பெஷல், 1990, மிக அரிது'. படத்தைப் பார்த்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதில் விரித்த தாள் கைபேசிக்குள் வந்து நின்றது. விலை, சாதாரண ரோட்ஸ்டரின் விலைக்குமேல் பாதி கூட. நானாவிடம் சொல்லாமல் முற்பணம் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்தேன், அவ்வளவுதான்.

வி-ஸ்பெஷல் என்பது என்ன என்று அந்த வாரம் முழுக்கப் படித்தேன். சாதாரண ரோட்ஸ்டரே இரண்டு விதம். வெறும் கார் என்றால் பவர் ஸ்டியரிங் இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும், சில்லு இரும்பு. ஸ்பெஷல் பக்கேஜ் என்றால் பவர் ஸ்டியரிங், மின்சாரக் கண்ணாடி, அலோய் சில்லு, மோமோவின் தோல் ஸ்டியரிங். இதற்கு மேலே 1990இன் நடுப்பகுதியில் வந்தது வி-ஸ்பெஷல்: நியோ கிரீன் என்ற கரும்பச்சை, உள்ளே தேன் நிறத் தோல், இத்தாலியின் நார்டி செய்த மர ஸ்டியரிங். அதோடு கியர் குமிழும் மரம், ஹேண்ட் பிரேக் பிடியும் மரம். கதவுப் படியில் பளபளக்கும் எஃகுத் தகடு. எஞ்சின்? அதே 1.6தான். ஒரு குதிரைகூடக் கூடாது. உடுப்பு வேறு, ஆள் ஒன்று. இதே மாதிரி 1991இல் ஜே-லிமிட்டெட் என்று மஞ்சளில் 800 கார் விட்டார்கள். 1992இல் எஸ்-ஸ்பெஷல்: அது உடுப்பு இல்லை, பில்ஸ்டைன் ஷொக் அப்சோபர் போட்டு இறுக்கிய கார். எனக்கு அறிவு சொன்னது எஸ். மனது சொன்னது வி.

நீர்கொழும்புக் கார்க்காரர் நல்ல மனிதர். இளம் ஆள். காரைக் கழுவி, ஹூட்டை மடித்து, தென்னை நிழலில் விட்டிருந்தார். நான் போய் மர ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நார்டிதான், அசல். அரை மணித்தியாலம் நான் ஸ்டியரிங்கை விடவில்லை என்று நானா இப்போதும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் இதற்கிடையில் டிக்கியைத் திறந்துவிட்டார். இந்தக் காரில் பற்றறி முன்னால் இல்லை. நிறையைச் சமமாகப் பகிர டிக்கிக்குள் வலப்பக்க மூலையில் வைத்தார்கள். ஜப்பானிலிருந்து வந்தபோது அதற்கென்றே அமிலம் கசியாத, புகை வெளியே போகக் குழாயுள்ள பற்றறி. இங்கே அதன் விலைக்குப் பயந்து எவரும் சாதாரணப் பற்றறியை வைத்துவிடுவார்கள். மூடிய டிக்கிக்குள் அமிலப் புகை சுற்றிச் சுற்றித் தகட்டைத் தின்னும். ஆகவே நானா முதலில் அங்கேதான் பாயைத் தூக்கினார். கறள் இருந்தது, கொஞ்சம். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டது கறளுக்கு இல்லை.

"தம்பி, இஞ்ச வாங்க. இது என்ன நிறம்?"

பாய்க்குக் கீழே சில்வர்.

பிறகு ஒவ்வொன்றாய் வந்தது. டாஷ் போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தால் அங்கேயும் சில்வர். கதவு றப்பரைக் கொஞ்சம் விலக்கினால் பச்சை முடிந்து சில்வர் தொடங்கும் கோடு. ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன், நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்: கறுப்புப் பிளாஸ்டிக். கதவுப் படியில் எஃகுத் தகடு இல்லை. அது இருந்து கழன்ற அடையாளமும் இல்லை. சீற்று தோல் அல்ல, ரெக்சின். நல்ல தையல், எங்கள் ஊர் ஓட்டோ ஹூட் தைக்கிற கைகளைப் போலச் சுத்தமான கை. சில்வரில் பிறந்த கார் 1990இன் வி-ஸ்பெஷலாக இருக்க முடியாது. யாரோ ஒருவர் எப்போதோ தன் ஆசைக்குப் பச்சை அடித்திருக்கிறார், ஒரு நார்டி தேடிப் போட்டிருக்கிறார். அடுத்தவர் அதை நம்பி வாங்கியிருக்கிறார். அதற்கடுத்தவர் இந்தத் தம்பி. இவருக்கும் தெரியாது. நாங்கள் பாயைத் தூக்கிக் காட்டியபோது அவர் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்கு அந்தரமாகிவிட்டது.

பொனட்டைத் திறந்து பார்த்தோம், வந்ததுக்கு. எஞ்சினின் முன் பக்கம், கிராங்கோடு சுழன்று பெல்ட்டை ஓட்டும் கப்பியான புலியில் எத்தனை வெட்டு என்று டோர்ச் அடித்து எண்ண வேண்டும். நாலு வெட்டென்றால் குட்டை மூக்கு. எட்டு வெட்டென்றால் நீள மூக்கு. தொடக்கத்தில் வந்த கார்களில், 1991இன் முற்பகுதி வரை, கிராங்க் தண்டின் முன் நுனி குட்டையாக இருந்தது. அதில் புலியை இறுக்கும் போல்ட் சரியாக இறுகவில்லையென்றால் நடுவிலுள்ள ஆப்பு ஆடத் தொடங்கும். ஆப்பு ஆட, தண்டின் பள்ளம் தேயும். பெல்ட் மாற்றுகிறபோது அவசரத்தில் இறுக்கிய ஒரு போல்ட்டால் முழுக் கிராங்கே போன கதைகள் உண்டு. மஸ்டா பிறகு மூக்கை நீட்டியது. நாலு வெட்டைக் கண்டவுடன் ஓடத் தேவையில்லை. எஞ்சினை ஸ்டார்ட்டில் விட்டுப் புலியின் விளிம்பைப் பார்த்தால் தெரியும், ஆடுகிறதா நேராகச் சுற்றுகிறதா என்று. அந்தப் பச்சைக்கு நாலு வெட்டு, ஆட்டம் இல்லை. நல்ல எஞ்சின். சாதாரணக் காரின் விலைக்குத் தந்திருந்தால் நான் அந்தப் பச்சையையே வாங்கியிருப்பேன், பொய்ப் பச்சை என்று தெரிந்தும். அவர் இறங்க முடியாது, அவர் கொடுத்த விலை அப்படி. கைகொடுத்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது ஹபரணை வரை நானா ஒன்றும் கதைக்கவில்லை. அது அவருடைய மரியாதை.

மூன்றாவது குருநாகல். வெள்ளை. படம் மோசம், விளம்பரத்தில் இரண்டு வரி: 'யூனோஸ், 1800 சிசி, மனுவல்'. 1.8 என்றால் 1993இல் வந்த மாற்றம். எஞ்சின் 1597இலிருந்து 1839 சிசி, குதிரை 120இலிருந்து 130. பத்துக் குதிரை பெரிதில்லை, கூடவே நிறையும் கூடியது. ஆனால் பிரேக் தட்டு பெரிது, பின் சில்லுகளுக்கு வலுவைப் பகிரும் டிஃபரன்ஷல் உறுதியானது, உடம்புக்கு மேலதிகத் தாங்குகள். அதிலும் 1995இல் டிஃபரன்ஷல் பல்விகிதத்தை 4.1இலிருந்து 4.3 ஆக்கினார்கள், ஃப்ளைவீலையும் பாரம் குறைத்தார்கள். எடுப்பு கூடிய 1.8 அதுதான். 1998இல் அடுத்த தலைமுறை வந்தபோது தவளைக் கண் போய்விட்டது, விளக்குகள் முகத்தோடு ஒட்டிவிட்டன. பின்கண்ணாடி பிளாஸ்டிக்கிலிருந்து உண்மையான கண்ணாடியானது. புத்திசாலிகள் அதைத்தான் வாங்குவார்கள். எனக்குத் தவளைக் கண் வேண்டும்.

இந்த மாற்றங்களை எல்லாம் வரிசையாகத் தெரிந்துகொள்ள ஒரு கல்யாணப் புத்தகமளவு வாசிக்க வேண்டியதில்லை. ஜப்பான் கார்களில் பதினேழு எழுத்து நீள இலக்கம் கிடையாது. பொனட்டைத் திறந்தால் தெரியும் தகட்டில் சிறிய சேசி இலக்கம், அதாவது காரின் உடம்புக்குரிய இலக்கம், இருக்கும். என்ஏ6சிஇ என்று தொடங்கினால் 1.6. என்ஏ8சி என்றால் 1.8. என்ஏ8சிக்குப் பிறகு வரும் எண்ணைப் பார்த்து 4.1 காலமா 4.3 காலமா என்றும் பிரிக்கலாம். என்பி என்று தொடங்கினால் தவளைக் கண் இல்லாதது. நான் இருபத்தைந்து வருடமாகக் கடையில் கேட்கும் அதே கேள்வி. அதைக் கேட்க இரண்டு பயணத்துக்குரிய பெற்றோல் போக வேண்டியிருந்தது.

குருநாகல்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். காரைக் கொண்டுவந்து நிறுத்தியவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 1.8 என்றால் சீற்றுகளுக்குப் பின்னால், பெல்ட் வரும் இரண்டு கோபுரங்களுக்கும் இடையில் குறுக்கே ஒரு தாங்குசட்டம் இருக்கும். இதில் இல்லை. தகட்டைப் பார்த்தேன், என்ஏ6சிஇ. வாகனப் புத்தகத்தைக் கேட்டேன். அதிலும் 1597 என்றுதான் கிடந்தது. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு அதை வாசித்து, "எனக்குத் தந்தவர் ஆயிரத்தெண்ணூறு எண்டுதானே சொன்னவர்" என்றார். ஆறு வருடம் வைத்திருந்த காரின் புத்தகத்தை அவர் அந்த வரிவரைக்கும் வாசித்ததில்லை. தமிழ் மாஸ்டர் வேறு.

வெறும் கார். கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை. ஏசிக்குரிய பிடிகள் இருக்கின்றன, கொம்பிரசர் இல்லை. சில்லு மட்டும் யாரோ மாற்றிய அலோய், 14 அங்குலம். ஆண்டு 1992, புலியில் எட்டு வெட்டு. எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு பொருந்தியது. இதைச் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், எஞ்சின் மாறிப் புத்தகம் மாறாத கார் உங்கள் பெயருக்கு வருமுன் உங்களுக்கு நரை வரும். பாய்க்குக் கீழும் வெள்ளை, டாஷ் போர்டுக்குக் கீழும் வெள்ளை, றப்பருக்குப் பின்னாலும் வெள்ளை. ஸ்டார்ட் செய்தால் மேலே தையல் மெசின் மாதிரி டிக் டிக் டிக். மாஸ்டர் பயந்தார். நானா எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தார். கரி. இந்தக் காரின் வால்வு டப்பட் எண்ணெயழுத்தத்தால் வேலை செய்கிறது. எண்ணெய் பழசானால் சத்தம் போடும், நல்ல எண்ணெய் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு போய்ப் பிஸ்டனில் முட்டாது. வழியில் நிற்கலாம், எஞ்சின் சாகாது.

கடைசிச் சோதனைக்கு நான் ஒரு தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோயிருந்தேன். ஹூட் மடங்கும் இடத்தில், சீற்றுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் வடிய ஒரு பீலி ஓடுகிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் குழாயால் இறங்கிப் பின் சில்லுக்கு முன்னால் நிலத்தில் விழவேண்டும். இலை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டுக்குள் தேங்கி உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று நிற்கும். இடப்பக்கம் ஊற்றினேன், உடனே கீழே விழுந்தது. வலப்பக்கம் ஊற்றினேன். ஒன்றுமில்லை. நானா காந்தத்தை எடுத்தார். வலப் பின்சில்லுக்கு முன்னால் உள்ளங்கையளவு இடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கியது. பட்டி, கறளை மூடப் பூசிய பசை. நான் பையிலிருந்து தடித்த தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் நூலை, எடுத்துக் குழாய்க்குள் விட்டு ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் பழைய தேத்தண்ணி மாதிரி ஒரு கறுப்புத் தண்ணீர், பின்னால் வேப்பம் சருகு, ஒரு பீடித்துண்டு.

விலை பேச எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. 1.8 இல்லை, ஏசி இல்லை, வலப்பக்கம் டிங்கர் வேலை. மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், கணக்குப் பாடத்தில் பிழை திருத்துவது போல. நான் கேட்ட விலைக்கு ஒரு சொட்டு மேலே முடிந்தது. சாவியைத் தரும்போது, "தம்பி, ஹூட்டை மடிக்க முந்திப் பின்கண்ணாடியின்ர ஸிப்பைத் திறக்க மறந்திடாதேங்கோ, பிளாஸ்டிக் முறிஞ்சிடும்" என்றார். புத்தகம் வாசிக்காதவர், ஆனால் காரை நேசித்திருக்கிறார்.

நானா தன் வானில் பின்னால் வந்தார். குருநாகலிலிருந்து திருகோணமலை 160 கிலோமீற்றருக்கு மேல். நின்ற இடத்தில் திருப்புவது பவர் ஸ்டியரிங் இல்லாமல் தோணியை மணலில் இழுப்பது மாதிரி. ஓடத் தொடங்கினால் விரலால் போகும், ரோட்டிலுள்ள ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். தம்புள்ளை தாண்டி ஹூட்டை மடித்தேன். ஸிப்பைத் திறந்துவிட்டுத்தான். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை யானை இறங்கும் ரோட்டு, இருட்டுமுன் கடந்துவிட வேண்டும் என்பது திட்டம். மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டால் திட்டம் பிந்தியது. ஹபரணையில் விளக்குப் பொத்தானை அமத்தினேன். இடது கண் எழும்பியது. வலது கண் எழும்பவில்லை.

யானைக்காட்டு வாசலில் ஒற்றைக்கண்ணோடு ஒரு கார், ஹூட்டும் இல்லை. நானா இறங்கி வந்து சிரிக்காமல் நின்றார், அதுதான் கூடக் கோபம் வந்தது. நல்லகாலம் இதையும் வாசித்திருந்தேன்: பொனட்டைத் திறந்தால் விளக்கு மோட்டாரின் தலையில் ஒரு றப்பர் தொப்பி, அதைக் கழற்றினால் கையால் சுற்ற ஒரு குமிழ். நிறையச் சுற்று. மெதுவாக, அடம்பிடித்த பிள்ளை எழும்புவது மாதிரி, கண் எழும்பியது. கந்தளாய் வரை நானாவின் வானுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனேன். யானை வரவில்லை. சாணம் மட்டும் ரோட்டில், புகை விட்டுக்கொண்டு.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது இரவு ஒன்பதரை. மனுசி வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தா.

"பச்சை எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"பச்சை பொய்."

"இது?"

"இது வெள்ளை. உள்ளுக்கும் வெள்ளை."

அவ ஏறி இருந்து, கண்ணாடியைச் சுற்றி இறக்கிப் பார்த்தா, திரும்ப ஏற்றினா. "ஏசி எங்க?" என்று கேட்டா. நான் ஹூட்டைக் காட்டினேன்.

இப்போது ஐந்து மாதம். எண்ணெய் இரண்டு தரம் மாற்றியாயிற்று, டிக் டிக் அடங்கிவிட்டது. பெல்ட் மாற்றினோம், இந்த எஞ்சின் குடும்பம் பழைய மஸ்டா ஃபமிலியாக்களிலும் இருந்தபடியால் பெல்ட், பிளக் எல்லாம் தேடிப் பிடிக்கலாம். கிளட்சின் கீழ்ச் சிலிண்டர் கசிந்தது, இந்த வகைக்கு அது தடிமன் காய்ச்சல் மாதிரி. வலப்பக்கத் தகட்டை வெட்டிப் புதிதாக ஒட்டினோம். ஞாயிறு விடிய நிலாவெளியால் இறக்கக்கண்டிப் பாலம் வரை போய்த் திரும்புகிறேன். வந்தவுடன் படகு எஞ்சினுக்குச் செய்வது போலவே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவல். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் உப்பு லீவு எடுப்பதில்லை. மாரி மழை தொடங்கிவிட்டதால் காருக்கு ஒரு கவர் வாங்கிக் கயிற்றால் கட்டி விட்டிருந்தேன்.

முந்தாநாள் இரவு டவுனில் திரியும் மான்கள் இரண்டு வாசலுக்கு வந்திருக்கின்றன. கவரைத் தொடவில்லை. கயிற்றை மட்டும் மென்று முடித்துவிட்டுப் போய்விட்டன. கடையில் தங்கூசி இருக்கிறது, அதை மான் தின்னுமா என்று நானாவிடம் கேட்க வேண்டும்.